சிறு பொம்மைகளில் வண்ணம் நிலைப்பது எவ்வாறு?



ஆயர் ஈத்தாம் என்னும் நம் ஊர்ப் பெயருக்கு மலாய் மொழியில் கருநீர் என்பது பொருள். கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும், பத்து பகாட்டுக்கும் குளுவாங்கிற்கும் செல்லும் பழைய சாலைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்னர், நெடுந்தூரப் பேருந்துகள் இங்கு நின்று இளைப்பாறிச் செல்வது வழக்கம். இறங்கிய பயணிகளின் கண்ணில் முதலில் படுவன, சாலையோரக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்ட மண்சாடிகளும் பூச்சட்டிகளும் பொம்மைகளுமே ஆகும். இன்றும் அக்கடைகள் பல உள்ளன. அருகிலுள்ள மாச்சாப்பில் ஆவ் குடும்பத்தாரின் மட்பாண்டத் தொழிலகமும், டிராகன் சூளை எனப்படும் நீண்ட சரிவான சூளையும் பலரும் அறிந்தவை. இந்நாட்டின் தென்பகுதியிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் எழுப்பிய இத்தகைய சூளைகள், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு வேண்டிய பால் மங்குகளைப் பெருமளவில் சுட்டுத் தந்தன. நம் முன்னோர் மரந்தோறும் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்த மங்கும், இன்று நம் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் மண்யானையும் ஒரே தொழிலின் இருவேறு பிள்ளைகள் எனலாம்.

கலைக்கல்வி வகுப்பிற்கும், நவராத்திரிக் கொலுவிற்கும் நம் மாணவர்கள் இத்தகைய சிறு பொம்மைகளை வாங்கி அக்ரிலிக் வண்ணம் தீட்டுகின்றனர். தீட்டிய அன்று அவை மிக அழகாக உள்ளன. ஆனால் ஓராண்டு கழித்துப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, யானையின் முதுகில் பொருக்கு எழுந்திருக்கிறது. செட்டியார் பொம்மையின் மூக்கு வெளுத்திருக்கிறது. அம்மன் முகத்தில் வண்ணம் செதிளாக உரிந்து கையோடு வருகிறது. "மலிவான சாயம்" என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் குறை சாயத்தில் இல்லை. சாயத்திற்கு அடியில் என்ன இருந்தது, அது எவ்வளவு ஈரமாக இருந்தது, நாம் எத்துணை அவசரப்பட்டோம் என்பவற்றிலேயே உள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அக்ரிலிக் வண்ணம் என்பது யாது என அறிதல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் மிக எளிது. ரப்பர் மரத்துப் பாலை எண்ணிப் பாருங்கள். இன்று நம் வட்டாரத்தில் செம்பனையே மிகுதியாகிவிட்டபடியால், பால்வெட்டைக் கண்ணால் கண்ட மாணவர்கள் குறைவு. காணாதவர்கள் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரைக் கேட்டறிக. மரத்துப் பால் என்பது ரப்பர் கரைந்த நீர் அன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ரப்பர் உருண்டைகள் நீரில் மிதந்து கொண்டிருப்பதே பால். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஒரு துளி பால் விரலில் பட்டுக் காய்ந்தால் என்ன ஆகிறது? நீர் ஆவியாகிப் போகிறது. உருண்டைகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, மெல்லிய தோல் ஒன்று உண்டாகிறது. அத்தோல் மீண்டும் நீரில் கரைவதில்லை.

அக்ரிலிக் வண்ணமும் இவ்வாறே. மரத்திலிருந்து வரும் ரப்பருக்கு மாற்றாக, தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒருவகைப் பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகள் அதன் நீரில் மிதக்கின்றன. அவற்றோடு நிறப்பொடி கலந்திருக்கிறது. பால் கட்டிப் போகாதிருக்க ஸ்டோரில் அம்மோனியா கலந்தனர் அன்றோ? வண்ணப் புட்டியிலும் மிகச் சிறிதளவு அம்மோனியா கலக்கும் வழக்கம் உண்டு. சில புட்டிகளைத் திறந்தவுடன் எழும் நெடி அதனாலேயே. சுவர்ப்பூச்சிற்கு உரிய அக்ரிலிக் பால்மம் 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஓவியர்க்கு உரிய நீர்க்கலப்பு அக்ரிலிக் வண்ணம் 1950களின் நடுவில் லிக்விடெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. எனவே இது நம் பாட்டியர் இளமையில் பெரிதும் அறியாத பொருள்.

பாட்டியர் அறிந்தது வேறு. தமிழ்நாட்டில் பண்ருட்டி, கடலூரை அடுத்த வண்டிப்பாளையம், மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்கள் கொலுப் பொம்மைக்குப் பெயர் பெற்றவை. பழைய முறையில் பொம்மைக்கு முதலில் வெள்ளைச் சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசுவர். அதன்மேல் நிறப்பொடிகளை வச்சிரப் பசையிலோ வேலம் பிசினிலோ குழைத்துத் தீட்டுவர். ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் மெல்லிய மரத்தில் செதுக்கிய உறுப்புகளை, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டி, வெள்ளை பூசி, பின்னர் நிறம் தீட்டினர். இப்பழைய பசைகளுக்குப் பிடிப்பு நன்று. ஆயினும் நீர் பட்டால் இளகும் தன்மை உடையவை. ஆகவேதான் வீட்டுப் பெரியோர் கொலுப் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே விடமாட்டார்கள். அது வெறும் சாத்திரம் அன்று. அப்பசையின் குணம் அறிந்தோர் சொன்ன சொல்.

இனி, வண்ணம் ஏன் ஒட்டுகிறது, ஏன் உரிகிறது என்பதற்கு வருவோம். இதற்கும் பால்வெட்டுத் தொழிலே விடை தருகிறது. விரலில் காய்ந்த பாலை உருட்டி உரித்து எறிந்துவிடலாம். ஆனால் சட்டையில் பட்டுக் காய்ந்த பால்? எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சட்டை கிழியும் வரை கறை இருக்கும். பால் ஒன்றே, வெயிலும் ஒன்றே. பட்ட இடம்தான் வேறு. விரல்தோல் வழவழப்பானது, எண்ணெய்ப் பசையும் வியர்வையும் உடையது. சட்டையோ நூலும் இடைவெளியும் நிறைந்தது. பால் அவ்விடைவெளிகளுள் புகுந்து, நூல்களைச் சுற்றி வளைத்துக் கொண்டு காய்கிறது. அது வேர் பிடித்ததற்கு ஒப்பாகும். வண்ணம் பூசுவோர் அறிய வேண்டிய அடிப்படை இதுவே: பூச்சுக்கு வேர் பிடிக்க இடம் வேண்டும், அவ்விடத்தில் எண்ணெயும் தூசியும் ஈரமும் குறுக்கே நிற்றல் ஆகாது.

பிடித்து நிற்பதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வண்ணம் முதலில் பரப்பில் நன்கு படர வேண்டும். தாமரை இலையில் தண்ணீர் நிற்பதுபோல் திரண்டு நின்றால் ஒருபோதும் ஒட்டாது. மிருதுவான சில பிளாஸ்டிக் பொம்மைகளின்மேல் வண்ணம் இவ்வாறே திரள்வதைக் கண்டிருப்பீர்கள்.

பொம்மை வகைகளில் நமக்கு மிகவும் ஏற்றது, மெருகிடாத சுட்டமண் பொம்மை. களிமண்ணைச் சுமார் 600 பாகை வெப்பத்திற்கு மேல் சுடும்போது, அதன் உள்ளே பிணைந்துள்ள நீர் வெளியேறி மண்ணின் இயல்பே மாறிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் அது மீண்டும் சேறு ஆகாது. வெயிலில் மட்டும் காய்ந்த பச்சைமண் பொம்மை அத்தகையது அன்று, கழுவினால் கரைந்துவிடும். ஆகவே கழுவத் தொடங்குமுன், அடிப்புறத்தில் ஒரு துளி நீர் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் சேறு ஒட்டினால் அது சுடாத மண். அதனை உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக் கொள்க.

சுட்டமண்ணில் நுண்துளைகள் நிறைய உள்ளன. துணியைப்போலவே இதுவும் வேர் பிடிக்க இடம் தருகிறது. ஆனால் அத்துளைகளே தொல்லையும் தருகின்றன. முதல் தொல்லை, ஈரம். கடை வாசலில் மழையில் நனைந்து நின்ற பொம்மையின் வெளிப்புறம் ஒரு மணி நேர வெயிலில் உலர்ந்து வெளுத்துவிடும். உட்புறம் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதன்மேல் வண்ணம் பூசினால், உள்ளிருக்கும் நீர் வெளியேற வழி தேடிப் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. பொம்மை உலர்ந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒளி புகும் பிளாஸ்டிக் பையில் அதனை இட்டு, வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பையின் உட்புறத்தில் பனி படர்ந்தாற்போல் நீர்த்துளிகள் தோன்றினால் இன்னும் ஈரம் உள்ளது. வெளியே எடுத்து மேலும் இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுக. நம் ஜொகூரில் ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலத்தில் இச்சோதனையைக் கட்டாயம் செய்தல் வேண்டும்.

இரண்டாவது தொல்லை, உப்பு. சில மண்பொம்மைகளின் மேல் வெண்ணிறப் பொடி பூத்திருப்பதைக் காணலாம். மண்ணில் உள்ள உப்பு நீரோடு வெளியே வந்து, நீர் ஆவியானபின் தங்கிய படிவம் அது. வீட்டுச் சுவரில் உவர் பூப்பதும் இதே காரணத்தால்தான். உவரின்மேல் பூசிய வண்ணம், மணலின்மேல் எழுப்பிய சுவரைப் போன்றது. சுட்ட பொம்மையாயின், நல்ல நீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, பின்னர் நன்கு உலர்த்துக.

மூன்றாவது தொல்லையைப் பலரும் அறிவதில்லை. உலர்ந்த மண் மிகுந்த தாகம் உடையது. அதன்மேல் நேரே வண்ணத்தைத் தீட்டினால், வண்ணத்திலுள்ள நீரை மண் மடமடவென்று உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் உருண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கித் தோலாவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. விளைவாகப் பூச்சு சுண்ணாம்பைப்போல் பொடிப்பொடியாக நிற்கிறது. விரலால் தேய்த்தாலே வருகிறது. இதனைத் தவிர்க்கவே அடிப்பூச்சு என்பது வேண்டும். அக்ரிலிக் அடிப்பூச்சு புட்டியில் கிடைக்கிறது. அது இல்லையெனில், வீட்டுச் சுவருக்குப் பூசும் நல்ல வெள்ளை எமல்ஷன் சாயம் போதும். முதல் கையை, சரிபாதி நீர் கலந்து மெலிதாகப் பூசி, மண் குடிக்கும் அளவு குடிக்க விடுங்கள். உலர்ந்தபின் இரண்டாம் கையைச் சற்றுக் கெட்டியாகப் பூசுங்கள். பொம்மையின் அடிப்பாகத்தையும், கை எட்டுமளவு உட்குழியையும் மறவாதீர்கள். மேலே மட்டும் மூடி அடியைத் திறந்து வைத்தால், சிமெந்துத் தரையின் ஈரம் கீழ்வழியே ஏறிவிடும்.

பள்ளியில் பயன்படும் வெள்ளைப் பசையை நீரில் கலந்து அடிப்பூச்சாகப் பூசலாமே என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. கூடாது என்பதே என் கருத்து. அப்பசை காய்ந்த பின்னும் ஈரக் காற்றில் மெல்ல இளகும் தன்மை உடையது. நம் நாட்டு வானிலையில் அடித்தளம் இளகினால் மேலே பூசியது எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. காகிதப் பூ ஒட்ட அது நல்ல பசை. அவ்வேலையோடு அதனை விட்டுவிடுவோம்.

பளபளப்பான மெருகிட்ட பீங்கான் பொம்மைகள் வேறு வகை. அவற்றின் மேற்பரப்பு கண்ணாடியே ஆகும். வேர் பிடிக்கத் துளை இல்லை. நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பளபளப்பு மங்கும்படி செய்து, சோப்பால் கழுவி உலர்த்தி, பின்னர் அடிப்பூச்சு இட்டால் ஓரளவு நிற்கும். அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு அது போதும். உணவு வைக்கும் கிண்ணத்திலும், வாய் படும் கோப்பையிலும் இவ்வேலையைச் செய்தல் ஆகாது.

பிளாஸ்டிக் போர்வீரர், குதிரை, சிறு வண்டி முதலியவற்றிற்கு இப்போது மாணவர்களிடையே ஆர்வம் மிகுந்துள்ளது. அச்சிலிருந்து எளிதில் கழன்று வரும் பொருட்டு, சில தொழிற்சாலைகளில் அச்சின் உட்புறத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள பொருளைப் பூசுவர். அது பொம்மையின் மேலும் சிறிது தங்கியிருக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில், பழைய பல்துலக்கியால் மடிப்புகளெல்லாம் தேய்த்துக் கழுவுக. கழுவி உலர்த்தியபின் விரலால் தொடாதீர்கள். வடை தின்ற கையால் தொட்ட குதிரையின் முதுகில் எந்த வண்ணமும் நில்லாது. ஒரு புட்டி மூடியின்மேல் சிறிது களிமப்பசை வைத்துப் பொம்மையை அதில் நிறுத்தி, மூடியைப் பிடித்துக் கொண்டு வேலை செய்வதே முறை. கெட்டியான பிளாஸ்டிக்காயின் உரிய அடிப்பூச்சோடு வண்ணம் நன்றாக நிற்கும். வளைத்தால் வளையும் மெழுகு போன்ற மென்பிளாஸ்டிக்காயின், உண்மையைச் சொல்லிவிடுதல் நலம்: அது தாமரை இலை. என்ன செய்தாலும், வளைக்குந்தோறும் பூச்சு வெடித்து உரியும். அத்தகையதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டா.

தெளிப்புக் குப்பியில் வரும் அடிப்பூச்சைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். அதனைப் பெரியவர்களே தெளித்தல் வேண்டும், மாணவர்கள் தொடலாகாது. வீட்டினுள்ளும், சன்னல் மூடிய அறையிலும், அடுப்பின் அருகிலும் தெளிப்பது உடலுக்கும் உயிருக்கும் கேடு. அதன் ஆவி மூச்சைத் தாக்கும், தீப்பற்றும். வெளியில், காற்றின் திசை அறிந்து, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தொலைவிலிருந்து மெல்லிய மூட்டமாகப் படரவிடுக. பனி உலர்ந்த காலை நேரமே ஏற்றது. பிற்பகலில் இடி முழங்கி மழை கூடும் வேளையில் தெளித்தால், காற்றின் ஈரம் பூச்சில் சேர்ந்து வெண்புகை படிந்தாற்போல் மங்கிவிடும்.

அடிப்பூச்சு முழுவதும் உலர்ந்தபின், வேண்டுமாயின் மறுநாள், வண்ணம் தீட்டத் தொடங்கலாம். இங்கே மாணவர் பெரும்பாலோர் செய்வது, புட்டியிலிருந்து எடுத்தவாறே தடிப்பாக அப்புவது. தடித்த பூச்சின் மேற்பகுதி முதலில் காய்ந்து தோலாகிறது. உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பின்னர் உட்பகுதி சுருங்கும்போது மேல்தோல் வெடிக்கிறது. மேலும், சிற்பி அரும்பாடுபட்டுச் செய்த கண்ணும் விரலும் நகையும் அத்தடிப்பில் மறைந்து போகின்றன. பொம்மை சிறிதாகுந்தோறும் பூச்சு மெல்லிதாக வேண்டும். பசும்பாலின் பதத்தில் வண்ணத்தைக் குழைத்து, இரண்டு அல்லது மூன்று கை பூசுக. ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே அரை மணி நேரமேனும், மழை நாளாயின் ஒரு மணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும்.

மெல்லிதாக்குக என்றவுடன் நீரை ஊற்றிவிடக் கூடாது. நீர் மிகுந்தால் பிளாஸ்டிக் உருண்டைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் சிதறிவிடும்; நிறப்பொடியைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமற் போகும். கழுவல் நீர்போல் நிழல் தட்ட வேண்டிய இடங்களில், அக்ரிலிக் மீடியம் என்று விற்கும் நிறமற்ற பாலைச் சேர்த்து மெலிதாக்குவதே சரி. அது நிறம் இல்லாத வண்ணம். உருண்டைகளைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் குறைக்கிறது. கண், மீசை, திருநீற்றுக் கோடு ஆகியவற்றைக் கடைசியில் நுண்தூரிகையால் எழுதுக. தூரிகையை இடையிடையே நீரில் அலசிக் கொண்டே இருத்தல் வேண்டும். காய்ந்துவிட்டால் அது ஒட்டுப்பால் பிடித்த கயிறுதான். அலசிய நீரைக் குடிதண்ணீர்க் குழாயின் அருகில் கொட்டுவதும் ஆகாது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதனால் பொம்மை காய்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். நீர் போனபின்னும் உருண்டைகள் முழுமையாக ஒன்றோடொன்று கலந்து இறுகுவதற்கு நாட்கள் பல ஆகும். ஒரு வாரம் தூசி படாமல், தொடாமல் விட்டுவைப்பது நன்று. நவராத்திரிக்கு முன்தினம் இரவு விளக்கு வைத்துக் கொண்டு வண்ணம் தீட்டும் வீடுகளை நான் அறிவேன். அப்பொம்மைகளே பின்னர் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன.

இவையெல்லாம் ஏட்டளவில் நில்லாதிருக்க, ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உடைந்த பூச்சட்டி ஓடுகள் நான்கு எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றைத் தூசியோடு அப்படியே விடுங்கள். ஒன்றின்மேல் தேங்காயெண்ணெய் தொட்ட விரலைத் தேயுங்கள். ஒன்றைக் கழுவி ஈரமாகவே வையுங்கள். நான்காவதைக் கழுவி உலர்த்தி அடிப்பூச்சு இடுங்கள். நான்கின்மேலும் ஒரே சிவப்பு வண்ணத்தை ஒரே அளவாகப் பூசி ஒரு வாரம் விடுங்கள். பின்னர் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒவ்வொன்றின்மேலும் அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்துப் பாருங்கள். நாடாவில் ஒட்டி வந்த சிவப்பின் அளவை ஏட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள். சாயத் தொழிற்சாலைகளிலும், பூச்சின் பிடிப்பை அறியக் கோடு கிழித்து நாடா ஒட்டி இழுக்கும் சோதனையே வழக்கில் உள்ளது.

வண்ணத்தைக் காக்கும் இறுதிப் பூச்சு வார்னிஷ் ஆகும். நீர்க்கலப்பு அக்ரிலிக் வார்னிஷையே வாங்குக. வண்ணம் நன்கு இறுகிய பின்னர், மெல்லிய இரண்டு கை. பளபளப்பானது, மங்கலானது என இருவகை உண்டு. மங்கலான வகையில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்பொடி கலந்திருக்கும்; அது புட்டியின் அடியில் தங்கிவிடுமாதலால் நன்கு கலக்கிய பின்னரே பூச வேண்டும். கலக்காமல் பூசினால் ஓரிடம் மினுங்கும், ஓரிடம் வெளுக்கும். அடிக்கடி கைபடும் பொம்மைக்குப் பளபளப்பானதே வலிமை; முகம் இயற்கையாகத் தோன்ற விரும்புவோர் மங்கலானதை அதன்மேல் ஒரு கை பூசிக் கொள்ளலாம்.

நிறம் உரியாமல் இருந்தும் வெளுத்துப் போவதுண்டு. அதற்குக் காரணம் சூரிய ஒளி. காவி நிறம் இரும்புத் துருவிலிருந்து வருவது. அது எளிதில் வெளுக்காது. கரியின் கருப்பும், டைட்டேனியம் வெள்ளையும், அல்ட்ராமரீன் நீலமும் அவ்வாறே நெடுநாள் நிற்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிரும் இளஞ்சிவப்பும் ஒளிரும் மஞ்சளும் விரைவில் மங்கும். ஆகவே சன்னலோரம் வைக்கும் பொம்மைக்கு ஒளிரும் நிறங்களைத் தவிர்க்க.

இனிப் பெற்றோர்களிடம் தனியே ஒரு செய்தி. இது வண்ணத்தின் அழகைப் பற்றியது அன்று; பிள்ளையின் உடலைப் பற்றியது. பழைய எண்ணெய்ச் சாயங்கள் பலவற்றில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகியவற்றில், ஈயம் கலந்திருந்தது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டில் பழைய பொம்மை இருந்து, அதன் வண்ணம் உரிந்து கொண்டிருந்தால், தவழும் குழந்தை எட்டும் இடத்தில் அதனை வைக்காதீர்கள். பழைய பூச்சை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கவும் வேண்டா. அத்தூள் காற்றில் பறந்து மூச்சிலும் சோற்றிலும் சேரும். கொட்டகையில் கிடக்கும் பெயர் தெரியாத பழைய டின் சாயத்தைப் பிள்ளைகளிடம் பொம்மைக்கென்று கொடுப்பதும் தவறு. புதிதாக வாங்கும்போது, குழந்தைகளுக்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குக. நம் முன்னோர் கைக்குழந்தைக்கு விளையாடக் கொடுத்தது செம்மரத்து மரப்பாச்சியையே. அதற்குப் பூச்சு எதுவும் இல்லை. அவ்வறிவை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன்.

வண்ணம் தீட்டியாயிற்று, கொலுவும் முடிந்தது. இனி அடுத்த ஆண்டு வரை அவற்றை எங்கே வைப்பது? தோட்டம் விற்கப்பட்டும், லயத்து வீடுகள் இடிக்கப்பட்டும், நம் குடும்பங்கள் பல தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துள்ளன. லாரியில் ஏறியவற்றுள் தாயின் கொலுப்பெட்டியும் ஒன்றாக இருந்தது. அப்பெட்டிகளைத் திறந்து பார்த்த வீடுகளில், உடைந்தவற்றைவிட ஒட்டிக் கொண்டவையே மிகுதி என்று தாய்மார் கூறக் கேட்டிருக்கிறேன். காரணம் இதுதான். அக்ரிலிக் பூச்சு வெப்பத்தில் மென்மையாகும் இயல்பினது. தகரக் கூரையின்கீழ் உள்ள பரணில் நண்பகல் வெப்பம் ஏறும்போது, பூச்சு இளகித் தன்னைத் தொட்டுக் கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தாளையோ செய்தித்தாளையோ பற்றிக் கொள்கிறது. செய்தித்தாளின் மையும் முகத்தில் பதிந்துவிடுகிறது. பழைய பருத்தி வேட்டியை நன்கு துவைத்து உலர்த்தி, அதனைக் கிழித்துப் பொம்மைகளைத் தளர்வாகச் சுற்றுக. ஒன்றின்மேல் ஒன்றை அடுக்காதீர்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாமல், தரையிலும் வைக்காமல், சுவரோரத்துப் பலகையின்மேல் வைப்பது உத்தமம். ஜொகூர் மாநிலத்தை 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும், பத்து பகாட் வட்டாரத்தை மீண்டும் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் வாட்டிய வெள்ளங்களை அறிந்தோர், அப்பலகையை இடுப்பு உயரத்திற்குக் குறையாமல் அமைப்பர்.

வெள்ளத்தில் நனைந்துவிட்ட பொம்மையையும் உடனே எறிந்துவிட வேண்டுவதில்லை. சுட்டமண்ணாக இருந்து, அக்ரிலிக் பூச்சும் உறுதியாக இருப்பின், நல்ல நீரில் மெல்ல அலசி, நிழலில் தொடங்கிப் பின் இளவெயிலில் பல நாள் உலர்த்தி, மேற்சொன்ன பிளாஸ்டிக் பைச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உரிந்த இடத்தின் ஓரங்களை நீரில் நனைத்த நுண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, அவ்விடத்திற்கு மட்டும் அடிப்பூச்சு இட்டு, நிறம் சேர்த்து, வார்னிஷ் பூசினால் போதும். பாட்டி காலத்துப் பழைய பசைவண்ணப் பொம்மையாயின் நீரே ஆகாது. அதன் பூச்சில் ஈயம் இருக்கலாமாதலின் உப்புத்தாளும் ஆகாது. அதனை உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, கண்ணாடி அலமாரியில் இருந்தபடியே இருக்க விடுங்கள். புது வண்ணம் பூசிப் புதுப்பிக்க முயல வேண்டா.